இருபதாம் மாடியில் மட்டும் வரும் நிலநடுக்கம்

பினாங்கை அசைக்கும் பெரும் நிலநடுக்கங்கள், மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்ராவின் மேற்குக் கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் புகுமிடத்தில்தான் பெரும்பாலும் பிறக்கின்றன. ஆனாலும், ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவில் இருக்கும் என்னால் அதை அடுத்த வீட்டுச் சங்கதி என்று விட்டுவிட முடிவதில்லை.

சுமத்ரா பலமாகக் குலுங்கினால் எனக்கு முதல் அழைப்பு மேல் மாடிகளிலிருந்துதான் வரும். “தம்பி, பிரஷர் ஏறிடுச்சோன்னு நெனச்சேன், பார்த்தா சாமி மேடையில தொங்குற விளக்கு தானா ஆடுது” என்பார் இருபதாம் மாடி அக்கா. கீழே விசாரித்தால், பாதுகாவலரின் மேசையிலுள்ள தே தாரிக் தளும்பியே இருக்காது. இருவர் சொல்வதும் உண்மைதான். வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிட, மெதுவாக அசைக்கும் நீண்ட அலைகளே நம்மை வந்தடைகின்றன. மாடிக்கு ஏறத்தாழ 0.1 வினாடி என்ற பொறியாளர்களின் தோராயக் கணக்குப்படி, 25 மாடிக் கட்டடம் ஒருமுறை ஆடி மீள இரண்டரை வினாடி ஆகும்; வரும் அலையின் தாளமும் அதுவாகவே அமைந்தால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளியதுபோல ஆட்டம் கூடிக்கொண்டே போகும். அடியில் மென்களிமண் இருந்தால் இன்னும் மோசம். 2025 மார்ச் 28 அன்று மியன்மாரை உலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கம், வெகு தொலைவிலுள்ள பாங்காக்கில் கட்டுமானத்திலிருந்த உயர்கட்டடம் ஒன்றைச் சரித்தது. கட்டுமானத் தரம் பற்றிய கேள்விகளும் அதில் எழுந்தன என்றாலும், கடலைத் தூர்த்த நிலத்திலும் மாடிமேல் மாடி அடுக்கும் நாம் அதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போக முடியாது.

மேல்மாடிக்காரர்களின் பேச்சைப் பிரமை என்று ஒதுக்குவதுதான் எனக்குப் பொறுக்காதது; அவர்கள் உணரும் ஆட்டமே கடலலைக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று, மலேசிய நேரப்படி காலை 8.58 மணிக்குக் கடலடி பிளந்தது. ஆழிப்பேரலை பினாங்குக் கரையைத் தொட்டதோ பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு. இடையில் நான்கு மணி நேரம் இருந்தும், கடற்கரையில் நின்றவர்களை எச்சரிக்க அன்று எந்த ஏற்பாடும் இல்லை. நாட்டில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கில் மாண்டவர்கள். இன்று வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை மையம் இருக்கிறது, கரையோரங்களில் அபாயச் சங்குகளும் இருக்கின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 அளவு நிலநடுக்கத்துக்கு எச்சரிக்கை விடுத்தும் பேரலை வராததால், “சும்மா பயமுறுத்துறாங்க” என்று சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். அன்று பாறைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவின, கடலைத் தூக்கவில்லை. அலை வருமா என்பதை அந்த முதல் நிமிடங்களில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆட்டம் நிற்கும்வரை கண்ணாடிச் சன்னல்களை விட்டு விலகி உள்ளேயே இருந்து, நின்றபின் மின்தூக்கியைத் தொடாமல் படியில் இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அந்தப் படிக்கட்டிலோ செருப்பு அலமாரி, பழைய மெத்தை, பிள்ளையின் சைக்கிள். தீபாவளிக்கு வீட்டைக் கழுவும் வாரத்தில் இன்னும் இரண்டு சேரும். அடுத்த கூட்டத்தில் அபராதத் தீர்மானத்தைக் கொண்டுவரப் போகிறேன். இருபதாம் மாடி அக்கா வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார்.