பரணில் இருந்து இறங்கியவை

2024 மே 4, சனி. நாகர்கோவில்

தாத்தா கட்டிய வீட்டின் ஓடுகளை மாற்ற அடுத்த வாரம் ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் பரண் காலியாக வேண்டும். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்பது அண்ணனின் கருத்து. பித்தளைக்கு நல்ல விலையாம். ஒவ்வொன்றையும் துடைத்துப் பார்க்காமல் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் இறங்கியது கரி இஸ்திரிப் பெட்டி. மூடியைப் பூட்டும் கொண்டியில் ஒரு சேவல் நிற்கிறது. கொண்டை தேய்ந்து மழுங்கியிருக்கிறது, அத்தனை கைகள் பட்டிருக்கின்றன. ஆச்சி இதில் சிரட்டைக்கரி மட்டும்தான் போடுவார்கள். விறகுக்கரி பொரிந்து, தீப்பொறி பறந்து வேட்டியில் ஓட்டை போட்டுவிடும். கனல் பிடிக்கும்வரை முற்றத்தில் நின்று பெட்டியை முன்னும் பின்னும் வீசுவார்கள். பிறகு ஒரு வாழையிலைத் துண்டின்மேல் அடிப்பகுதியை ஓட்டுவார்கள். பச்சை இலை சுடும் அந்த மணம் வந்தால் மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது என்று பொருள். இலையில் தேய்த்த பெட்டி துணியில் வழுக்கிக்கொண்டு போகும். வெப்பத்தைக் குறைக்கத் திருகு எதுவும் கிடையாது. தண்ணீர் தெளித்து, அது சீறும் சத்தத்தை வைத்தே பருத்தியா பட்டா என்று ஆச்சி முடிவு செய்வார்கள்.

மே 5, ஞாயிறு

இன்று முழுவதும் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு போயிற்று.

கோணிச் சாக்கில் சுற்றி வைத்திருந்ததால் கண்ணாடிகூட உடையவில்லை. எங்கள் தெருவில் கல்யாணம், கோயில் கொடை, சாவு என்று எது நடந்தாலும் இது தூக்கிக்கொண்டு போகப்பட்டது. தாத்தா கூடவே போவார், விளக்கை வேறு யாரும் ஏற்றுவது அவருக்குப் பிடிக்காது.

ஜெர்மனியில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவர் 1910 வாக்கில் உருவாக்கிய விளக்கு இது. திரி இல்லை. அடித்தொட்டியில் மண்ணெண்ணெயை ஊற்றிப் பம்ப் அடித்தால் காற்றழுத்தம் எண்ணெயை மேலே தள்ளும். மேலேறும் குழாயை முதலில் ஸ்பிரிட் தீயில் காய்ச்ச வேண்டும். காய்ந்த குழாயில் எண்ணெய் ஆவியாகி, ஊசித் துளை வழியே பீறிட்டு, காற்றோடு கலந்து மேன்டில் என்ற வலைக்கூட்டுக்குள் எரியும். ஒருமுறை பற்றிவிட்டால் மேன்டிலின் சூடே குழாயைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். விளக்கு தன்னைத் தானே நடத்திக்கொள்ளும், நாம் இடையிடையே பம்ப் அடித்தால் போதும்.

வெளிச்சம் தருவது உண்மையில் தீ அல்ல, மேன்டில்தான். ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் 1880களில் கண்டுபிடித்தது. வேதிக் கரைசலில் ஊறிய வலைத்துணி முதல் முறை ஏற்றும்போதே எரிந்துபோய், தோரியம் ஆக்சைடும் சிறிது சீரியம் ஆக்சைடும் மட்டும் துணியின் வடிவத்திலேயே நிற்கும். அந்தச் சாம்பல் கூடுதான் சூடேறி வெள்ளையாகச் சுடர்விடுகிறது. விரல் பட்டால் உதிர்ந்துவிடும்.

அந்தத் தோரியம் கிடைத்த இடங்களில் ஒன்று எங்கள் கடற்கரை. மேன்டில் தொழிலுக்குத் தோரியம் தேடிக்கொண்டிருந்த காலத்தில், 1909-இல், ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூரில் இருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கலந்த மோனசைட் கனிமம் இருப்பதைக் கண்டுகொண்டார். அதைத் தொடர்ந்துதான் அன்று திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை தொடங்கியது. மணல் ஆலை இன்றும் அங்கே இயங்குகிறது. பெர்லினில் எரிந்த விளக்குகளில் எங்கள் ஊர் மணலும் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. கொடை நாளில் தாத்தா இந்த விளக்கைத் தூக்கிப்போன தெருக்களில் இருந்து அந்தக் கடல் அப்படி ஒன்றும் தொலைவில் இல்லை. அவருக்கு இது தெரிந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார்.

மே 6, திங்கள்

வால்வு ரேடியோ. மரப்பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது, வேறு வழியில்லை, போக வேண்டியதுதான். உள்ளே லைசென்ஸ் புத்தகம் கிடைத்தது. வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டி வில்லை ஒட்டிய காலம் அது. புத்தகத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மே 7, செவ்வாய்

பம்ப் ஸ்டவ். மூன்று கால், வயிறு பெருத்த பித்தளைத் தொட்டி, பக்கவாட்டில் பம்ப். ஸ்வீடனின் லிண்ட்குவிஸ்ட் 1892-இல் செய்த பிரைமஸ் அடுப்பின் வம்சம். பெட்ரோமாக்ஸ் வேலை செய்யும் அதே முறைதான், வெளிச்சத்துக்குப் பதில் நீலத் தீ. துளை அடைத்துக்கொண்டால் குத்திவிட ஸ்டவ் பின் வேண்டும். தகரப் பட்டையின் நுனியில் மயிரிழைபோல ஒரு கம்பி. பெட்டிக் கடைகளில் அட்டை அட்டையாகத் தொங்கும். ஸ்டவ்வின் இரைச்சல் கேட்டால் விடிந்துவிட்டது என்று படுக்கையிலேயே தெரியும்.

அண்ணன் அந்தச் சத்தத்தைப் பற்றி ஆசையோடு பேசிக்கொண்டிருந்தார். என்னால் அப்படிப் பேச முடியவில்லை. 1980களில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு' என்ற செய்தி நாளிதழ்களில் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. எரியும்போதே எண்ணெய் ஊற்றினாலோ அளவுக்கு மீறிப் பம்ப் அடித்தாலோ உண்மையிலேயே தீ மேலே பாயும். ஆனால் மாமியார்களும் கணவன்மார்களும் அதே அடுப்படியில்தான் நின்றார்கள், செத்தது எப்போதும் மருமகள்தான். எங்கள் தெருவிலும் அப்படி ஓர் அக்கா போனாள். ஸ்டவ்வுக்கு ஆள் பார்த்து வெடிக்கத் தெரியுமா என்று அம்மா கேட்டது எனக்கு மறக்கவே இல்லை. 1983-இல் கணவன் வீட்டார் செய்யும் கொடுமைக்கென 498ஏ பிரிவும், 1986-இல் வரதட்சணை மரணத்துக்கென 304பி பிரிவும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்ததற்குப் பின்னால் இப்படி எத்தனையோ அடுப்படிகள் இருக்கின்றன. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தீயில் கருகினால், அதற்கு முன் அவள் வரதட்சணைக்காகக் கொடுமைப்பட்டிருந்தால், இனி 'ஸ்டவ் வெடித்தது' என்ற ஒற்றை வரியோடு தப்பிக்க முடியாது என்று சட்டம் சொன்னது.

பழைய பொருள்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. ஸ்டவ்வை எடைக்குப் போட்டாயிற்று. எனக்கு வருத்தமில்லை.

மே 9, வியாழன்

கொல்லைப்புற ஆட்டுக்கல்லை யாராலும் அசைக்க முடியவில்லை, அங்கேயே இருக்கட்டும். மதினி அதைப் பார்த்துக்கொண்டே, "இதில் ஒரு வேளைக்கு மாவு ஆட்டிப் பாருங்கள், உங்கள் பழைய காலம் எல்லாம் தெரியும்" என்றார்கள். அவர்கள் சொல்வது நியாயம். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவியைப் பெண்ணின் தோள் சுற்ற வேண்டும். 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி உருவாக்கிய கிரைண்டரில் பாத்திரம் சுற்றும், குழவி நிற்கும். சுற்றுகிற வேலை தோளில் இருந்து மோட்டாருக்குப் போனது. அந்த ஒரு மாற்றத்துக்கு இந்தத் தமிழ்நாட்டுப் பெண்கள் பட்ட கடன் பெரிது. 2006-க்குப் பிறகு அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது, 2011-க்குப் பிறகு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தது. கொல்லைப்புறக் கற்கள் பல வீடுகளில் துவைகல் ஆனது அதற்குப் பிறகுதான்.

மே 11, சனி

விளக்கை ஏற்றினோம். மதினி ரேஷன் மண்ணெண்ணெய் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார்கள். மேன்டில் கடையில் கிடைத்தது. இப்போது வருபவை பெரும்பாலும் தோரியம் இல்லாதவை, இட்ரியம் சேர்த்தவை. தோரியத்தின் கதிரியக்கத்தை நினைத்தால் நல்லதுதான். பழைய டப்பாவில் கிடந்த மேன்டிலைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்தேன்.

ஸ்பிரிட் எரிந்து தீரும் தறுவாயில் குமிழைத் திருப்பினேன். முதலில் மஞ்சளாகக் கக்கியது, அண்ணன் பம்ப் அடிக்க அடிக்க வெளுத்தது. அண்ணனின் பேத்தி கேள்வி மேல் கேள்வி கேட்டாள். எண்ணெய் எப்படி மேலே ஏறுகிறது, துணி எரிந்தும் ஏன் விழவில்லை. ஒவ்வொன்றையும் கைகாட்டிச் சொல்ல முடிந்தது, ஏனென்றால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. அவள் அப்பாவின் கைபேசியைப் பற்றிக் கேட்டிருந்தால் எதைத் தொட்டுக் காட்டியிருப்பேன்?

எடைக்குப் போடுவதைப் பற்றி அண்ணன் இப்போது பேசுவதில்லை. பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கிவிட்டதால் அழுத்தம் நிற்கவில்லை. செருப்புத் தைப்பவரிடம் மெல்லிய தோல் வாங்கி, வட்டமாக வெட்டி, தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தால் சரியாகிவிடும். திங்கட்கிழமை வடசேரிச் சந்தைக்குப் போகும்போது பார்க்க வேண்டும். ஸ்பிரிட்டும் தீர்ந்துவிட்டது.