வீட்டுக்கு நான்கு செடி

கனடாவில் 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த கஞ்சா சட்டம், வயது வந்தோர் தங்கள் வீட்டில் நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்த்துக்கொள்ள அனுமதிக்கிறது. இது ஆள் கணக்கு அன்று, வீட்டுக் கணக்கு; ஒரே வீட்டில் ஆறு பேர் இருந்தாலும் நான்குதான். ஒன்டாரியோவில் வளர்ப்பவருக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். விதையோ நாற்றோ சட்டப்படி விற்கப்பட்டதாக இருக்க வேண்டும். வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தையும் அடுக்ககமென்றால் சங்க விதிகளையும் படித்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் பார்த்த பிறகே, சென்ற ஆண்டு எங்கள் தக்காளிப் பாத்திக்கும் வேலிக்கும் இடையில் இரண்டு நாற்றுகளை நட்டேன்.

சட்டம் செடிகளை எண்ணுகிறதே தவிர அளப்பதில்லை. சட்டத்துக்கு ஆலோசனை சொல்ல அரசு அமைத்த, ஆன் மெக்லெல்லன் தலைமையிலான குழு 2016இல் அளித்த அறிக்கை, நான்கு செடி என்ற வரம்போடு 100 சென்டிமீட்டர் உயர வரம்பையும் பரிந்துரைத்தது. முதல் மசோதாவிலும் அது இருந்தது. 2017இல் மக்களவைக் குழு அதை நீக்கிவிட்டது. நீக்கியது சரி என்றே நினைக்கிறேன். ஜூலை மாதத்தில் ஒரு வாரம் கத்தரிக்கோலை மறந்தவரைக் குற்றவாளியாக்கும் விதியை எந்தக் காவலர் நிறைவேற்றுவார்? ஆனால் அதன் விளைவையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல வெயிலில் தரையில் நிற்கும் செடி ஆளுயரத்தைத் தாண்டும். ஒரே செடியிலிருந்து சில நூறு கிராம் உலர்ந்த பூ கிடைக்கக்கூடும். வெளியில் கொண்டுசெல்லவோ இன்னொரு வயது வந்தவருக்கு இலவசமாகக் கொடுக்கவோ 30 கிராம்தான் வரம்பு, விற்பது குற்றம். ஆகவே சொந்தப் பயன்பாட்டுக்கு நான்கு என்பது, வெளியில் வளர்ப்பவருக்குத் தாராளத்துக்கும் மேல்.

அந்தத் தாராளத்தைக் குறைப்பது இங்குள்ள பருவம். உறைபனி அச்சம் நீங்கும் மே மாதக் கடைசியில்தான் நாற்றை வெளியே நடலாம். கஞ்சா இரவின் நீளத்தைக் கொண்டு பூக்கும் செடியாதலால், எவ்வளவு எரு போட்டாலும் இரவு போதிய அளவு நீளும் ஆகஸ்டு வரை இலையும் தண்டுமாகவே வளரும். பிறகு கணுக்களில் இரண்டிரண்டாக வெள்ளை மயிரிழைகள் எட்டிப் பார்த்தால் அது பெண் செடி. சிறு மணிகள் போல மொட்டுகள் தொங்கினால் ஆண் செடி. ஆணை உடனே பிடுங்காவிட்டால் மகரந்தம் பரவி, பூவெல்லாம் விதையாகிவிடும். பூ முற்றும் செப்டம்பர் கடைசியில் இங்கே மழையும் பனியும் தொடங்கிவிடும். வெளியிலிருந்து பார்க்கச் செழிப்பாக இருந்த ஒரு பூங்கொத்தில் ஒரேயொரு இலை மட்டும் வாடியிருக்க, அதை இழுத்ததும் கையோடு வந்தது; பிரித்துப் பார்த்தால் உள்ளே தண்டு பழுப்பேறி, சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது. அப்படிப்பட்டதை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. கொத்து எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு எளிதில் ஈரம் உள்ளே தங்குகிறது.

மணத்தை மறைக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். செப்டம்பரில் அது வேலியைத் தாண்டும். இலை மட்டும் இருந்த நாட்களில் யாரும் கண்டுகொள்ளவில்லை. மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார், "என்ன மாப்பிள்ளை, புளிச்சக்கீரை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். இலையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

எல்லா மாகாணங்களும் இதை ஏற்கவில்லை. கியூபெக்கும் மானிடோபாவும் வீட்டு வளர்ப்பைத் தடை செய்தன. கியூபெக்கின் தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மானிடோபா 2025இல் தன் தடையை விலக்கிக்கொண்டது. ஒட்டாவாவிலிருந்து பாலத்தைக் கடந்து கியூபெக்கிலுள்ள காட்டினோ போனால், அதே செடிக்கு அபராதம்.

ஊரில் இருந்து கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் கஞ்சா பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். மாடித் தொட்டியில் ஒன்றே ஒன்று என்றாலும் அது பயிரிடுதல்தான். இங்கிருந்து விதை அனுப்பச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் என் பதில் ‘முடியாது’ என்பதுதான்: அனுமதியின்றிக் கஞ்சாவை, விதையாக இருந்தாலும், எல்லை கடத்துவது கனடாவிலும் குற்றம்.