வரிக்கு ஓர் எழுத்துக் காணாமல் போன கதை

விளையாட்டுப் போட்டி, ஆண்டு விழா பற்றியெல்லாம் எழுதப் பாடசாலை மலருக்கு ஆள் பஞ்சமில்லை. கணினிக் கழகத்தைப் பற்றி யாரும் எழுதியதில்லை. அங்கே இருந்ததே நாலைந்து பேர்தான்.

எங்களுக்கு வாய்த்தவை இசட் 80 செயலி வைத்த இரண்டு பழைய கணினிகள். 2 மெகாஹெர்ட்ஸ் வேகம். வரிக்கு 64 எழுத்தாக 16 வரித் திரை. 2ஆம் 3ஆம் பின்களை மாற்றிப் பற்றவைத்த கேபிளால் இரண்டின் சீரியல் போர்ட்டையும் இணைத்திருந்தோம். 300 பாட் (நொடிக்கு 300 பிட்) வேகத்தில் ஒரு குறையுமில்லை. 2400க்கு ஏற்றினால், திரை நிரம்பி மேலே நகரத் தொடங்கியதுமே ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்துப் போய்விடும். ‘பிரிண்ட்’ என்று அனுப்பியது ‘ரிண்ட்’ என்று வந்து நிற்கும்.

எல்லோரும் கேபிளைத்தான் திட்டினோம். கணித சேர் மட்டும், “வரி எங்கே தொடங்குது எண்டு கேபிளுக்குத் தெரியுமோ?” என்றார். பிறகு கரும்பலகையில் கணக்குப் போட்டார். தொடக்க பிட், நிறுத்த பிட் சேர்த்து எழுத்துக்கு 10 பிட், 2400இல் 4.17 மில்லிசெக்கனுக்கு ஓர் எழுத்து வந்து விழும். திரையை ஒரு வரி மேலே தள்ள 960 பைட்டை நகர்த்த வேண்டும். நினைவகத்தில் பைட்டுகளை வரிசையாக நகர்த்தும் எல்டிஐஆர் கட்டளை பைட்டுக்கு 21 கடிகாரத் துடிப்பு எடுக்கும். ஆக மொத்தம் 10 மில்லிசெக்கன். திரையை நகர்த்தும் ஸ்குரோல் நிரலின் முதல் கட்டளையோ டிஐ, அதாவது இன்டரப்ட் அடைப்பு: ‘எழுத்து வந்திருக்கிறது, எடு’ என்று செயலியைக் குறுக்கிடும் அழைப்பு அதுவரை காதில் விழாது. சீரியல் போர்ட்டைக் கவனிக்கும் 8251 சில்லு வந்து சேர்ந்த எழுத்து ஒன்றைத்தான் வைத்திருக்கும். 4.17இல் முதல் எழுத்து வந்து காத்திருக்கும்; 8.33இல் இரண்டாவது வந்து அதை அழிக்கும். 10இல் நாங்கள் எடுப்பது இரண்டாவதை. 300இல் எழுத்துக்கு 33 மில்லிசெக்கன் கிடைத்ததால் குட்டு வெளிப்படவே இல்லை.

டிஐயை எடுத்தால் பாதியில் திரை குழம்பிவிடும் என்று ஒரு மூத்த மாணவர் விடாமல் வாதிட்டார். திரும்பும் முகவரியை எங்கே எழுதுவது என்று காட்டும் ஸ்டாக் பாயின்டரைத் திரை நினைவகத்துக்குத் திருப்பி நகர்த்தும் வேகமான நிரல்களுக்கு அது சரி. நடுவே இன்டரப்ட் வந்தால் திரும்பும் முகவரி திரையிலேயே எழுதப்பட்டுவிடும். எல்டிஐஆர் அப்படியல்ல. ஒவ்வொரு பைட்டுக்குப் பிறகும் இசட் 80 இன்டரப்டைக் கவனிக்கும்; விட்ட இடம் செயலிக்குள் இருக்கும் எச்எல், டிஇ, பிசி பதிவேடுகளில் பத்திரமாக இருக்கும். இன்டரப்டைக் கையாளும் நிரல், தான் தொட்டதைத் திருப்பி வைத்தால் போதும். அதனால் டிஐயை எடுத்துவிட்டு, கையாளும் நிரலைக் குறுக்கினோம்: எழுத்தை எடு, 256 பைட் வளைய பஃபரில் (கடைசி இடத்துக்குப் பின் மீண்டும் முதலிடத்துக்கே வரும் காத்திருப்பு இடத்தில்) போடு, திரும்பு. பஃபரைப் பக்க எல்லையில் (256இன் மடங்கான முகவரியில்) வைத்ததால், முகவரியின் கீழ்ப் பாதியான எல் பதிவேடு 255ஐத் தாண்டித் தானே 0க்கு வந்துவிடும். எல்லைச் சோதனைக்கு ஒரு கட்டளைகூடத் தேவைப்படவில்லை. அந்தச் சிக்கனம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

பிபிசி மைக்ரோ வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பாடு குறைவு. அந்தக் கணினியின் திரையைக் கவனிக்கும் 6845 சில்லில் தொடக்க முகவரியை மாற்றினாலே திரை நகர்ந்துவிடும்.

வெற்று வரிகள் நிறைந்த கோப்பு வந்தால் மட்டும் பஃபரும் நிரம்பிவிடும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஸ்குரோல் என்பதால். 192 நிரம்பியதுமே ‘நிறுத்து’ என்று பொருள்படும் கண்ட்ரோல்-எஸ் குறியை அனுப்பி மறுபக்கத்தை நிறுத்தினோம். 256 வரை பொறுத்தால், நிறுத்தச் சொன்ன பிறகும் வந்துகொண்டிருக்கும் எழுத்துகளுக்கு இடமிருக்காது.