பரோலோவை எப்போது திறப்பது?

பரோலோ என்னும் இத்தாலிய சிவப்பு ஒயினை முதன்முதலில் கோப்பையில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள். நிறம் அவ்வளவு வெளிறியிருக்கும். கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். சில வருடங்களிலேயே விளிம்பில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கிவிடும். வேறு பல சிவப்பு ஒயின்களில் இது முதுமையின் அடையாளம், இதில் அப்படியில்லை. ஒரு வாய் குடித்தால் ஈறும் நாக்கும் இறுகும் அளவுக்குத் துவர்ப்பு, அதன் பின்னாலேயே கூர்மையான புளிப்பு. இது செய்யப்படும் நெபியோலோ திராட்சையின் நிறமிகள் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைபவை. துவர்ப்பைத் தரும் டானினும் புளிப்பைத் தரும் அமிலமும் அப்படியல்ல, ஒயினைப் பல பத்தாண்டுகள் தாங்கிப்பிடிப்பவை அவைதான். அதனால் நிறத்தைப் பார்த்து வயதைக் கணிக்க வேண்டாம். எப்போது திறப்பது என்று முடிவுசெய்ய ஊர், விளைச்சல் ஆண்டு, பீப்பாய் மூன்றையும் பாருங்கள்.

இத்தாலியின் வடமேற்கே, பியட்மாண்ட் மாநிலத்தில், ஆல்பா நகருக்குத் தென்மேற்கே உள்ள லாங்கே குன்றுகளில் 11 ஊராட்சிகளில் மட்டுமே பரோலோ தயாரிக்கலாம். நெபியோலோ தவிர வேறு திராட்சை ஒரு சொட்டுகூடச் சேர்க்கக் கூடாது. வடக்கு நோக்கிய சரிவுகளுக்கு அனுமதி இல்லை, அதற்குக் காரணம் உண்டு. நெபியோலோ சீக்கிரம் துளிர்த்து, மிகத் தாமதமாக, பெரும்பாலும் அக்டோபரில்தான் பழுக்கும். வெயில் போதாத சரிவில் விளைந்தால் டானின் முற்றாமல் பச்சையாகவே நின்றுவிடும். அந்தக் கசப்பு எத்தனை வருடம் காத்திருந்தாலும் போகாது.

அறுவடை ஆண்டின் நவம்பர் 1 தொடங்கி 38 மாதங்கள் கழித்தே விற்கலாம், அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். இன்னும் நீண்ட காலம் வைத்திருந்து விற்கும் ரிசெர்வா வகைக்கு 62 மாதம். 2016 அறுவடை என்றால் சாதாரணப் பரோலோ 2020 ஜனவரியில் வெளிவந்தது, ரிசெர்வா 2022 ஜனவரியில். இது விற்பனைக்கான குறைந்தபட்சக் கெடு மட்டுமே. குடிக்கும் பருவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எப்போது திறப்பது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மண். மேற்கே லா மோர்ரா, பரோலோ ஊர்களில் நீலச்சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண். அங்கே விளைவது மென்மையாக, ரோஜா மணத்தோடு வரும். 8 முதல் 10 வருடத்தில் திறக்கலாம். கிழக்கே செர்ராலுங்கா, தெற்கே மோன்ஃபோர்தேயின் பெரும்பகுதியில் மணற்பாறை கலந்த, சத்துக் குறைந்த பழைய மண். அங்குள்ள ஒயின் இறுக்கமானது. 15 வருடத்துக்கு முன் திறந்தால் தார் வாசனையும் துவர்ப்பும்தான் மிஞ்சும். காஸ்திலியோனே ஃபலெத்தோ இரண்டுக்கும் நடுவில். லேபிளில் திராட்சைத் தோட்டத்தின் பெயர் இருந்தால் அது எந்த ஊர் என்று தேடிப் பாருங்கள்: விக்னா ரியோந்தா செர்ராலுங்காவில், ரோக்கே தெல்லன்னுன்சியாத்தா லா மோர்ராவில், கன்னூபி பரோலோவிலேயே. இந்தத் தோட்ட எல்லைகள் 2010 முதல் சட்டப்படி வரையறுக்கப்பட்டவை.

ஆண்டைப் பொறுத்தவரை, 2010, 2013, 2016 மூன்றும் நீண்ட காலம் வைக்கத் தகுந்தவை. 2017 வெப்பமும் வறட்சியும் மிகுந்த ஆண்டு, 2018 சற்று மெலிந்தது. இவற்றை முன்னதாகவே குடித்துவிடலாம். அதில் குறை எதுவும் இல்லை.

பீப்பாய் விஷயத்தில் 1980களில் பெரிய சண்டையே நடந்தது. ஒரு தரப்பு ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பழைய ஸ்லாவோனிய ஓக் பீப்பாய்களையும், ஒரு மாதத்துக்கு மேல் திராட்சைத் தோலோடு ஊறவைப்பதையும் விடவில்லை. எலியோ அல்தாரே போன்ற தயாரிப்பாளர்கள் 225 லிட்டர் பிரெஞ்சு பீப்பாய்க்கும் சில நாள் ஊறலுக்கும் மாறினார்கள். இன்று பெரும்பாலோர் இடைவழியில் வந்து நிற்கிறார்கள். ஆனாலும் புது ஓக்கின் வனிலா மணம் நெபியோலோவின் ரோஜா மணத்தை மூடிவிடுகிறது என்பதே என் உறுதியான கருத்து. நீண்ட நாள் வைக்க வாங்குபவர்கள் பெரிய பீப்பாய்த் தயாரிப்பாளர்களையே நாடலாம்.

வைக்கும் இடம் 12 முதல் 14 டிகிரி. புட்டியைப் படுக்கவைத்து, இருட்டில். பகலில் 35, இரவில் 27 என்று ஏறி இறங்கும் அலமாரியில் வைத்தால் ஒயின் விரிந்து சுருங்கி, கார்க் ஓரமாகக் கசிந்து காற்று புகும். கழுத்தில் காய்ந்த கறை இருந்தாலோ, கார்க் மேலெழும்பியிருந்தாலோ வாங்காதீர்கள். சமையலறை ஃபிரிட்ஜும் ஆண்டுக்கணக்கில் வைக்க ஏற்றதல்ல; உலர்ந்த காற்றில் கார்க் சுருங்கிவிடும்.

திறப்பதற்கு ஒரு நாள் முன்பே புட்டியை நிமிர்த்தி வையுங்கள். 20 வருடத்துக்கு மேற்பட்டதென்றால் இரண்டு நாள். நெபியோலோவின் வண்டல் பொடிபோல மெல்லியது, ஒருமுறை கலங்கினால் சீக்கிரம் படியாது. கலங்கலோடு குடித்தால் கசக்கும். பழைய கார்க்கில் திருகு இறங்கினால் நொறுங்கும், பக்கவாட்டில் நுழையும் இரட்டைத் தகடுத் திறப்பானே நல்லது. 10 வயதுப் பரோலோவை டிகான்டரில், அதாவது அகன்ற கண்ணாடிக் குடுவையில், ஊற்றி 2 முதல் 3 மணி நேரம் விடலாம். 30 வயதானதை அப்படிச் செய்தால் மணம் முழுக்க டிகான்டரிலேயே போய்விடும். அதைப் புட்டியிலேயே திறந்து வைத்து, அவ்வப்போது கொஞ்சம் ருசித்துப் பார்த்து, மணம் எழும்பியதும் மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். புட்டிக் கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கு இருந்தால் வண்டல் வருவது தெரியும், அங்கே நிறுத்திவிடலாம். கோப்பைக்கு வரும்போது 16 முதல் 18 டிகிரி. நம்மூர் அறையில் ஊற்றிய சிறிது நேரத்திலேயே அது தாண்டிவிடும், ஆல்கஹால் மூக்கைக் குத்தும். அதனால் 15 டிகிரியில் எடுத்து, சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

துவர்ப்பு இன்னும் தூக்கலாக இருந்தால் கொழுப்பும் புரதமும் உள்ள உணவோடு பரிமாறுங்கள். பரோலோவிலேயே மெதுவாக வெந்த மாட்டிறைச்சி, முட்டை மஞ்சள்கரு நிறைந்த ‘தாயரின்’ (tajarin) என்னும் நூடுல்ஸ் எல்லாம் அந்தக் குன்றுகளில் இதற்காகவே பொருந்தி வந்தவை. டானின் எச்சிலோடு சேர்வதற்கு முன் உணவின் புரதத்தோடு சேர்ந்துவிடும். மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம், துவர்ப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் அது கூட்டிவிடும். இளம் புட்டியில் மிச்சமிருந்தால் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குடிக்கலாம், பல சமயம் அன்றுதான் இன்னும் நன்றாக இருக்கும். பழையதை அன்றே முடித்துவிடுங்கள்.