தண்ணீர் தெரியாத படம்

பல்கலைக்கழகத்தில் ஒளிப்படம் கற்பிக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகள், மாணவர்களை எண்ணூருக்கு அழைத்துச் செல்வதே சமூக அக்கறையுள்ள கலைப்பயிற்சி என்று நம்பியிருந்தேன். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறும், வானை மறைக்கும் புகைபோக்கிகளும், அவற்றின் முன்னே ஒதுங்கிக் கிடக்கும் படகுகளும் கேமராவுக்கு எளிதில் அகப்படும்.

அங்கே, பறிக்கூடையைப் பல்லில் கவ்வியபடி தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் ஓர் அம்மாவின் கைகளை மட்டும் மாணவன் ஒருவன் நெருக்கத்தில் எடுத்திருந்தான். கருஞ்சேறு வழியும் விரல்களுக்கிடையே ஒற்றை இறால். வகுப்பே வியந்தது, நானும் பாராட்டினேன். அச்சிட்ட படத்தை அவரிடம் கொடுத்தபோது, வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கையை மட்டும் எடுத்திருக்கியே தம்பி, தண்ணி எங்க? இடுப்பளவு நின்ன இடம், இப்ப முட்டிக்குக் கீழ கெடக்குது."

சாம்பல் படிந்து ஆறு மேடாகிவிட்டதுதான் அவர் வாழ்க்கையின் முதன்மையான செய்தி. அழகுக்காக நாங்கள் வெட்டி எறிந்த பகுதியில்தான் அது இருந்தது. 1992இல் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கேரலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கிராமப் பெண்கள் 62 பேரிடம் கேமராக்களைக் கொடுத்து, எடுத்த படங்களைப் பற்றி அவர்களையே பேசவைத்த முறையை நான் ஆண்டுதோறும் பாடமாக நடத்தி வந்தவன். படத்தில் எது இருக்க வேண்டும் என்பதை அதில் இருப்பவர் முடிவுசெய்வது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அந்தக் கரையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மறுவாரம் அவர் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், அவர் நிமிர்ந்து நிற்க, தலை முதல் நீர்மட்டம் வரை தெரியும்படி எடுத்தோம். உச்சிவெயிலில் நிழலே இல்லாத, தட்டையான படம். தேர்வாளராக வந்தவர் ஒளியமைப்பும் சட்டகமும் சரியில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்த அளவுகோலை வகுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அடுத்த பருவத்திலிருந்து, படத்தை உரியவரிடம் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் சொன்னதை எழுதிவராமல் அகமதிப்பீடு கிடையாது என்று மாற்றினேன்.

இரண்டாவது படத்தை அந்த அம்மா வாங்கிக்கொண்டார். அதன் பின்பக்கம் அன்றைய தேதியையும் நீர் வற்றியிருந்த நேரத்தையும் எழுதித் தரும்படி கேட்டார். மாணவன் படகின் விளிம்பில் வைத்து, பேனாவால் எழுதிக் கொடுத்தான்.