தாவுவதற்கு முன் காற்றழுத்தம்

கோத்தகிரியின் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே இறங்கும் மண்பாதைகளில் நான் மலைச் சைக்கிள் ஓட்டத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. விலையுயர்ந்த உதிரிபாகங்களை விட, காற்றடிக்கும் பம்பும் ஓர் அளவுகோலும்தான் என் சவாரியை மாற்றின.

முன்சக்கரத்தைப் பிடித்து, குலுக்கலைத் தாங்க அமிழ்ந்தெழும் ஃபோர்க்கின் பளபளப்பான தண்டில் சிறிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டு, தலைக்கவசம், முதுகுப்பை சகிதமாகப் பெடல்களின் மேல் எழுந்து நின்று, பிறகு மெதுவாக இறங்கிப் பார்த்தால், நம் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு அமிழ்கிறது என்பதை அந்த வளையம் காட்டிவிடும். 130 மி.மீ. அமிழக்கூடிய என் ஃபோர்க், நான் ஏறி நின்றதும் ஏறக்குறைய 30 மி.மீ. இறங்கும்படி அதனுள் காற்றை வைத்திருக்கிறேன். டியூப் இல்லாத டயர்களில், என் எடைக்கு முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) போதுமானது. ஈரமான வேர்களின் மேல் கெட்டியான டயர் வழுக்கும். சற்றுத் தளர்ந்த டயரோ வேரைக் கவ்விக்கொள்ளும்.

தாவலை அவசரப்பட்டுக் கற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சீட்டைத் தாழ்த்தி, பெடல்களைச் சமமாக வைத்து, மேட்டின் ஏற்றத்தில் கால்களால் சைக்கிளை அழுத்தி, முனையை நெருங்கும்போது உடலை நிமிர்த்த வேண்டும். அந்த ஏற்றத்தில் பிரேக்கைத் தொடவே கூடாது. முதல் ஆண்டில், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு மேட்டில், பின்சக்கரம் உதைத்து எழுந்து என்னை முன்னோக்கித் தள்ளியது. தோள்பட்டை ஒரு மாதம் வலித்தது. பின்சக்கரத்தின் அதிர்வுதாங்கியான ஷாக், அமிழ்ந்தபின் மிக வேகமாக மீண்டதே காரணம் என்று பிறகுதான் புரிந்தது. அந்த வேகத்தை மாற்றும் திருகைச் சில சொடுக்குகள் மெதுவான பக்கம் திருப்பியபின், அதே மேட்டில் இரு சக்கரங்களும் ஒருசேர இறக்கத்தில் பதிந்தன.