கயிறு கட்டிய பிறகு

ஆகஸ்ட் 3, 2024

ஆடிப்பதினெட்டு. காலையில் பவானி கூடுதுறையில் முழுக்கு. சாயங்காலம் ஊர் கருப்பராயன் கோயிலில் அண்ணன் கயிறு கட்டிக்கொண்டான். "இனி ஒரு சொட்டுத் தொடமாட்டேன் தாயி" என்று அம்மா காலைத் தொட்டான். தறி ஓட்டுகிறவன், பதினோரு வருசக் குடி. நங்கை (அண்ணன் மனைவி) அழுதே விட்டார்.

ஆகஸ்ட் 5

நேற்று ராத்திரி அண்ணனுக்கு வலிப்பு. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். தினமும் குடிக்கிறவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். இது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. கயிறு கட்டுவதற்கு முன்னால் இங்கே வந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6

அண்ணனுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. கை நடுங்க, போர்வையின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி முடிச்சுப் போடுகிறான். "பாவு அறுந்துட்டே இருக்குது தம்பி, தறியை நிறுத்து" என்கிறான். கட்டை விரலும் சுட்டு விரலும் நூல் முடிகிற அதே வேகத்தில் ஓடுகின்றன. அங்கே நூலே இல்லை. விடிய விடிய பக்கத்தில் உட்கார்ந்து, "முடிஞ்சாச்சுண்ணா, ஓட்டிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 8

தூங்குகிறான். வலிப்பையும் நடுக்கத்தையும் அடக்கும் டயஸிபாம் மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போகிறது. குடிக்கிறவர்கள் உடம்பில் அந்தச் சத்து வற்றிப்போய், மூளை வரை பாதிக்குமாம்.

ஆஸ்பத்திரி ஆலோசகர் அண்ணனிடம் ஏன் குடித்தாய் என்று கேட்கவில்லை. எப்போது குடிப்பாய் என்று கேட்டார். அண்ணன் சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. பல்லடத்தில் தறி. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி, பன்னிரண்டு மணி நேரம். காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் காதுக்குள் தறிச்சத்தம், தகரக் கூரை வெக்கை, தூக்கம் வராது. டாஸ்மாக் திறக்கப் பன்னிரண்டு மணியாகும். அதனால் சந்துக்கடையில் கூடுதல் விலைக்கு ஒரு குவாட்டர். அப்போதுதான் கண் அசருமாம்.

ஆகஸ்ட் 11

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு ஒரு மாசத்துக்கு மேல் தறிகள் நின்றன. சோத்துக்கே வழியில்லாமல் அப்போது வாங்கியதுதான் முதலாளியிடம் உள்ள அட்வான்ஸ். அது தீரும் வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது, ராத்திரி ஷிப்ட் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. நான் அவனைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வருகிறது. மன உறுதி இல்லாதவன் என்று எத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன்.

எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பைப் படித்தேன். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீதியிலேயே மீதிப்பேரை எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 15

வீட்டுக்கு வந்தாச்சு. இன்று கடைகள் மூடல். பயம் வேலைக்குத் திரும்பிய பிறகு வரும் சனிக்கிழமையைப் பற்றித்தான். கூலி கைக்கு வரும், கூட்டாளிகள் பட்டறை வாசலில் நிற்பார்கள்.

ஆகஸ்ட் 18

முதலாளி வீட்டுக்குப் போனேன். "பகல் ஷிப்ட் மட்டும் குடுங்க, கூலியை நங்கை கணக்குல போடுங்க." அட்வான்ஸைக் காட்டி முதலில் மறுத்தார். பாதியை நான் மாதாமாதம் கட்டுகிறேன் என்றதும் சம்மதித்தார். எனக்கும் பனியன் கம்பெனிச் சம்பளம்தான். பரவாயில்லை. இப்படிப் பொறுப்பேற்க ஆள் இல்லாத தறிக்காரர் எத்தனை பேரோ.

ஆகஸ்ட் 24

அண்ணன் வேலைக்குப் போன முதல் சனிக்கிழமை. எட்டேகால் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நங்கைதான் கூப்பிட்டார்.

"வந்துட்டாருங்க தம்பி. மாத்திரை போட்டாச்சு. தோசை ஊத்திட்டிருக்கறேன்."

அடுத்த வியாழன் ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனை. லீவு சொல்லிவிட்டேன்.